பட்டியல் போடத் தடை: அமெரிக்கர்களின் துப்பாக்கியும் அரசின் மீதான அவநம்பிக்கையும்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் மார்ட்டின்ஸ்பர்க் என்னும் ஊரில் மத்திய அரசின் துப்பாக்கித் தடமறியும் மையம் இருக்கிறது. கொலை நடந்த இடத்தில் ஒரு துப்பாக்கி கிடைத்தால், அதில் பொறித்திருக்கும் தொடர் எண்ணைக் காவல்துறை இந்த மையத்துக்கு அனுப்பி, அதைக் கடையில் முதன்முதலாக வாங்கியவர் யார் என்று கேட்கும். எண்ணைக் கணினியில் தட்டியதும் பெயரும் முகவரியும் திரையில் வந்துவிடும் என்றுதான் நாம் நினைப்போம். நம் ஊரில் வண்டி எண்ணை வைத்து உரிமையாளரைக் கண்டுபிடிப்பது அப்படித்தானே நடக்கிறது. மார்ட்டின்ஸ்பர்க்கில் அது நடக்காது. ஊழியர் முதலில் அந்தத் துப்பாக்கியைச் செய்த நிறுவனத்தைக் கேட்பார். நிறுவனம் சொல்லும் மொத்த வியாபாரியைக் கேட்பார். அவர் கைகாட்டும் சில்லறைக் கடைக்காரரைக் கேட்பார். கடைக்காரர் தம்மிடமுள்ள பேரேட்டைப் புரட்டிப் பெயரைச் சொல்வார். கடையே மூடப்பட்டுவிட்டிருந்தால் அதன் பழைய ஏடுகள் பெட்டி பெட்டியாக மார்ட்டின்ஸ்பர்க்குக்கு வந்து சேர்ந்திருக்கும். கட்டடத்தில் இடம் போதாமல், வாகனம் நிறுத்தும் திடலில் சரக்குப் பெட்டகங்களை வைத்து அவற்றுக்குள் அந்தப் பெட்டிகளை அடுக்கிய காலமும் உண்டு. இப்போது ஏடுகளைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றுகிறார்கள் என்றாலும், பெயரைக் கொடுத்துத் தேடும் வசதி அதில் வேண்டுமென்றே இல்லாமல் செய்யப்பட்டிருக்கிறது. ஆண்டுக்கு 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட விசாரணைகளுக்கு இப்படித் தேடித்தான் விடை சொல்கிறார்கள்.

இதற்குக் காரணம் சோம்பலுமன்று, பணமின்மையுமன்று. துப்பாக்கிகளையோ அவற்றை வைத்திருப்போரையோ பதிவு செய்யும் எந்த ஏற்பாட்டையும் மத்திய அரசு உருவாக்கக் கூடாது என்று 1986 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று தடுக்கிறது. 1934 முதல் தனிப் பதிவேட்டில் இருந்துவரும் இயந்திரத் துப்பாக்கி போன்ற சில வகைகள் மட்டுமே விலக்கு. சட்டத்தின் பின்னாலுள்ள வாதம் எளிமையானது. எந்த வீட்டில் எந்தத் துப்பாக்கி இருக்கிறது என்னும் பட்டியல் இன்றைய நல்ல அரசின் கையில் இருந்தால், நாளை வரும் கெட்ட அரசு அதே பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் பறிமுதலுக்குப் புறப்படும். குற்றவாளியைப் பிடிப்பது தாமதமானாலும் பரவாயில்லை, அரசின் கையில் அந்தப் பட்டியல் போய்ச் சேரக் கூடாது என்று ஒரு நாடாளுமன்றமே சட்டம் இயற்றியிருக்கிறது என்றால், அந்த ஐயம் எத்தனை ஆழமானதாக இருக்க வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்வது நல்லது.

ஐயம் செயல்படும் விதத்தை ஒரு துப்பாக்கிக் கடையின் மேசையருகே நின்றால் இன்னும் நன்றாகப் பார்க்கலாம். வாங்க வந்தவர் 4473 என்னும் எண்ணுள்ள படிவத்தை நிரப்புகிறார்: பெயர், முகவரி, பிறந்த ஊர், பிறந்த நாள். பிறகு ஆம் இல்லை என்று விடையளிக்க வேண்டிய கேள்விகள் வரிசையாக வருகின்றன. கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரா, தேடப்படும் தலைமறைவுக் குற்றவாளியா, தடை செய்யப்பட்ட போதைப்பொருளைப் பயன்படுத்துபவரா, இந்தத் துப்பாக்கியை உண்மையில் உங்களுக்காகத்தான் வாங்குகிறீர்களா. கடைக்காரர் தொலைபேசியிலோ இணையத்திலோ எஃப்.பி.ஐ. என்னும் அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையைத் தொடர்புகொள்கிறார். பல வேளைகளில் சில நிமிடங்களிலேயே விடை வந்துவிடும். விற்கலாம் என்று விடை வந்தால், அனுமதி பெற்றவரின் விவரங்களை 24 மணி நேரத்துக்குள் அரசு தன் கணினியிலிருந்து அழித்துவிட வேண்டும். மூன்று வேலை நாள்கள் கடந்தும் விடை வராவிட்டால், மத்திய சட்டத்தின்படி பொதுவாகக் கடைக்காரர் விரும்பினால் விற்றுவிடலாம். தாமதத்தின் பயன் குடிமகனுக்கே சேர வேண்டும் என்பது கணக்கு. நிரப்பிய படிவமோ அரசிடம் போவதில்லை. கடைக்காரரின் அலமாரியிலேயே இருக்கும்.

மக்கள் கையிலுள்ள துப்பாக்கிகளின் எண்ணிக்கையில் அமெரிக்காவுக்கு இணையான நாடு வேறில்லை. 2018 இல் வெளியான சர்வதேச மதிப்பீடு ஒன்று அங்கே பொதுமக்களிடம் ஏறத்தாழ 39 கோடித் துப்பாக்கிகள் இருப்பதாகக் கணக்கிட்டது. 100 பேருக்கு 120 என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவை எல்லோர் கையிலும் சமமாக இல்லை. 2023 இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது வயது வந்தோரில் 32 விழுக்காட்டினர் மட்டுமே தம்மிடம் துப்பாக்கி இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களிலும் 72 விழுக்காட்டினர் பாதுகாப்பையே முதன்மையான காரணமாகக் கூறினார்கள். ஆகவே துப்பாக்கி வைத்திருக்கும் ஒவ்வோர் அமெரிக்கரும் அரசோடு போரிடக் காத்திருக்கிறார் என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலோர் அஞ்சுவது திருடனுக்குத்தான். ஆனாலும் உரிமையைப் பற்றி வாதிட வேண்டிய கட்டம் வரும்போது திருடன் பின்னே போய் அரசு முன்னே வந்து நிற்கிறது. அதற்கு வரலாற்றில்தான் விடை இருக்கிறது.

நிலைப்படை என்னும் பழைய அச்சம்

அமெரிக்கா பிறப்பதற்கு முன்பே இந்த அச்சம் பிறந்துவிட்டது. 17 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், மன்னர் சம்பளம் கொடுத்து ஆண்டு முழுதும் வைத்திருக்கும் படையை மக்கள் வெறுத்தார்கள். அதைத்தான் இங்கே நிலைப்படை என்று குறிப்பிடுகிறேன். போர் வந்தால் ஊரார் ஆயுதத்தோடு கூடிப் போரிட்டுவிட்டு வீடு திரும்புவது குடிப்படை. ஆங்கிலத்தில் மிலிஷியா என்று அக்காலத்தில் குறித்தது அதையே. குடிப்படை தன் சொந்த ஊர் மீது கை வைக்காது, சம்பளப் படையோ சம்பளம் கொடுப்பவர் சொல்வதைச் செய்யும் என்று அக்காலத்தவர் நம்பினார்கள். இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் தம் கத்தோலிக்கத் தளபதிகளைக் கொண்டு நிலைப்படையைப் பெருக்கிக்கொண்டே புராட்டஸ்டன்ட் மக்களின் ஆயுதங்களைப் பறித்தார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டுகளுள் ஒன்று. அவர் நாட்டைவிட்டு ஓடிய பிறகு 1689 இல் இயற்றப்பட்ட உரிமைச் சட்டம், நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி அமைதிக் காலத்தில் நிலைப்படை வைத்திருக்கக் கூடாது என்றும், புராட்டஸ்டன்ட் குடிகள் தம் நிலைக்கேற்றவாறும் சட்டம் அனுமதிக்கும் அளவிலும் தற்காப்புக்கு ஆயுதம் வைத்திருக்கலாம் என்றும் அறிவித்தது. உரிமை பிறந்த அன்றே அதில் இரண்டு வரம்புகள் இருந்தன: அது எல்லோருக்கும் உரியதாக இல்லை, சட்டத்துக்கு உட்பட்டதாகவும் இருந்தது.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலிருந்த குடியேற்றங்களில் இந்த அச்சம் கண்முன் நடந்த நிகழ்ச்சியாயிற்று. 1768 இல் பாஸ்டன் நகருக்குள் பிரிட்டிஷ் படை வந்து தங்கியது. 1770 இல் அதன் துப்பாக்கிச் சூட்டில் ஐவர் இறந்தனர். 1774 செப்டம்பரில் தளபதி கேஜ் பாஸ்டனுக்கு அருகே சேமிப்பில் இருந்த வெடிமருந்தைப் படையை அனுப்பி அள்ளிக்கொண்டு வந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 19 அன்று ஏறத்தாழ 700 வீரர்கள் கான்கார்டு என்னும் ஊரில் பதுக்கி வைத்திருந்த ஆயுதங்களைப் பறிக்கப் புறப்பட்டார்கள். வழியில் லெக்சிங்டன் ஊரின் புல்வெளியில் குடிப்படையினர் எட்டுப் பேர் மடிந்தனர். விடுதலைப் போர் அங்கேதான் தொடங்கியது. ஆயுதப் பறிமுதலே போரைத் தொடங்கிவைத்தது என்பதால், அந்த ஏப்ரல் 19 அமெரிக்கத் துப்பாக்கி ஆதரவாளர்களின் நினைவில் அழியாத நாளாகிவிட்டது. இந்தத் தேதி இந்தக் கட்டுரையில் மீண்டும் வரும்.

வென்ற பிறகு அதே சிக்கல் வேறு உருவில் எழுந்தது. 1787 இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டம், புதிய மத்திய அரசுக்குப் படை திரட்டும் அதிகாரத்தைக் கொடுத்தது. மாநிலக் குடிப்படைகளை அழைத்துக் கலகங்களை அடக்கும் அதிகாரத்தையும் கொடுத்தது. மன்னரை விரட்டிவிட்டு நாமே ஒரு மன்னரைச் செய்துகொள்கிறோமா என்று வர்ஜீனியாவில் பேட்ரிக் ஹென்றியும் ஜார்ஜ் மேசனும் கேட்டார்கள். அவர்களுக்கு விடையளித்தவர், அந்தச் சட்டத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் மேடிசன். 1788 இல் நாளிதழில் எழுதிய கட்டுரையொன்றில் அவர் கூட்டிக் கழித்துக் காட்டினார்: இந்த நாட்டின் மக்கள்தொகைக்கு மத்திய அரசு வைத்துக்கொள்ளக்கூடிய படை 25,000 முதல் 30,000 பேரைத் தாண்டாது, அதற்கு எதிரே ஆயுதம் தாங்கிய குடிப்படையினர் ஏறக்குறைய 5 இலட்சம் பேர், தாங்கள் தேர்ந்தெடுத்த அதிகாரிகளின் தலைமையில் நிற்பார்கள். பிறகு அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது என்பது அவர் வாதம். அவர் எண்ணியது தனி ஆள்களையன்று, மாநில அரசுகளின் கீழ் அணிவகுக்கும் குடிப்படைகளை என்பதை இன்று அவரை மேற்கோள் காட்டுபவர்கள் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஒரே வாக்கியம்

எதிர்ப்பாளர்களை அமைதிப்படுத்த 1791 டிசம்பரில் பத்துத் திருத்தங்கள் சேர்க்கப்பட்டன. அவற்றில் இரண்டாவது 27 சொற்களே கொண்ட ஒரு வாக்கியம். தமிழில் சொன்னால், நன்கு ஒழுங்குபடுத்தப்பட்ட குடிப்படை ஒரு சுதந்திர அரசின் பாதுகாப்புக்கு இன்றியமையாதது ஆகையால், ஆயுதங்களை வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்கு உள்ள உரிமை மீறப்படலாகாது.

இந்த மொழிபெயர்ப்பில் நான் ஓர் ஏமாற்று வேலை செய்திருக்கிறேன். ஆங்கில மூலத்தில் ‘ஆகையால்’ என்ற சொல்லே இல்லை. அங்கே முதற்பாதி எந்த இணைப்புச் சொல்லும் இன்றி இரண்டாம் பாதியின் மீது சாய்ந்து நிற்கிறது. தமிழில் அப்படி நிறுத்த முடியாததால் நான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. இருநூறு ஆண்டுச் சண்டையும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. முதற்பாதி ஒரு நிபந்தனை என்று கொண்டால், குடிப்படை வழக்கொழிந்த இந்நாளில் உரிமைக்கும் வேலை குறைந்துவிடும். அது வெறும் விளக்கம் என்று கொண்டால், காரணம் மறைந்தாலும் உரிமை நிற்கும். இதற்கு அடுத்த மூன்றாம் திருத்தத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது: அமைதிக் காலத்தில் உரிமையாளரின் சம்மதமின்றி எந்த வீட்டிலும் படைவீரரைத் தங்கவைக்கக் கூடாது என்கிறது அது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதிலிருந்து, எழுதியவர்கள் எந்தப் படையை நினைத்து எழுதினார்கள் என்பது விளங்கும்.

உரிமை எழுதப்பட்ட மறு ஆண்டே, 18 முதல் 45 வயது வரையுள்ள உடல்வலுவுள்ள வெள்ளை ஆண் குடிமகன் ஒவ்வொருவரும் தன் பெயரைக் குடிப்படையில் பதிந்துகொண்டு, ஆறு மாதத்துக்குள் ஒரு நல்ல மஸ்கட் துப்பாக்கி, அதன் முனைக்கத்தி, மாற்றுச் சிக்கிமுக்கிக் கற்கள் இரண்டு, 24 தோட்டாக்கள் ஆகியவற்றை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று 1792 ஆம் ஆண்டுச் சட்டம் ஆணையிட்டது. யாரிடம் என்ன இருக்கிறது என்று அதிகாரிகள் அணிவகுப்பில் பார்த்துக் கணக்கு அனுப்பினார்கள். பட்டியல் போடுவதே கொடுங்கோன்மையின் முதற்படி என்று இன்று சொல்பவர்களின் முன்னோர் தாமே பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது வேடிக்கைதான். இன்னொரு வேடிக்கை 1794 இல் நடந்தது. மதுவின் மீதான மத்திய வரியை எதிர்த்து மேற்குப் பென்சில்வேனியா உழவர்கள் துப்பாக்கி தூக்கியபோது, குடியரசுத் தலைவர் வாஷிங்டன் ஏறத்தாழ 13,000 குடிப்படையினரைத் திரட்டிக்கொண்டு தாமே குதிரையேறிப் புறப்பட்டார்; படை வந்து சேருமுன் கலகம் கலைந்துவிட்டது. கொடுங்கோன்மையைத் தடுக்கும் என்று சொல்லப்பட்ட அதே குடிப்படை, அரசின் வரியைக் காக்கவே அணிவகுத்தது. அரசமைப்புச் சட்டமும் நாட்டுக்கெதிராகப் போர் தொடுப்பதைத் துரோகம் என்றே சொல்கிறது. எனவே கிளர்ச்சி செய்யும் உரிமையை அந்தச் சட்டம் கொடுத்திருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கிளர்ச்சி ஒருநாள் தேவைப்படலாம் என்ற நினைவை மட்டும் அது அழிக்காமல் விட்டுவைத்திருக்கிறது.

எந்த மக்கள்?

1792 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘வெள்ளை’ என்ற சொல்லைக் கவனித்திருப்பீர்கள். அரசின் மீது அவநம்பிக்கை கொள்ள எல்லோரையும்விட அதிகக் காரணம் இருந்தவர்கள் கறுப்பினத்தவர். அவர்களிடமிருந்துதான் துப்பாக்கி முதலில் பறிக்கப்பட்டது. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்த 1865 இலேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் செய்தது. 1873 இல் லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் ஊரில், நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பினத்தவரை வெள்ளையர் கூட்டமொன்று சூழ்ந்து தாக்கியது. சரணடைந்த பின்னும் பலர் கொல்லப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, இரண்டாம் திருத்தம் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும், தனியாள்கள் செய்யும் கொடுமைக்கு மாநில அரசிடம்தான் முறையிட வேண்டும் என்று 1876 இல் தீர்ப்பாயிற்று. முறையிட வேண்டிய மாநில அரசோ சில ஆண்டுகளில் வெள்ளையர் ஆதிக்கத்தை வலியுறுத்தியவர்கள் கைக்கே போயிற்று. 1956 இல் மாண்ட்கோமரியில் தம் வீட்டில் குண்டு வெடித்த பிறகு, துப்பாக்கி எடுத்துச்செல்ல உரிமம் கேட்டு விண்ணப்பித்தார் மார்ட்டின் லூதர் கிங், அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள்.

1960களில் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் கருஞ்சிறுத்தைகள் கட்சியினர், காவல்துறை கறுப்பினத்தவரைத் தெருவில் நிறுத்தும் இடங்களுக்குத் துப்பாக்கியோடு போய்ச் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்றைய சட்டப்படி அது குற்றமன்று. அரசை ஆயுதத்தோடு கண்காணிக்கும் குடிமகன் என்ற கருத்துக்கு அதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு கிடைக்காது. 1967 மே 2 அன்று அவர்கள் துப்பாக்கிகளோடு மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். சில மாதங்களுக்குள், தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்துவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. கையெழுத்திட்டவர் அன்றைய ஆளுநர் ரொனால்ட் ரீகன். குடியரசுத் தலைவரான பிறகு, துப்பாக்கிப் பதிவேட்டைத் தடுக்கும் 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவரே.

அரசு மீதான அவநம்பிக்கை இரண்டு வகைப்படும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அத்துமீறும் அரசைப் பற்றியது ஒன்று. கைவிடும் அரசைப் பற்றியது மற்றொன்று. 1999 இல் கொலராடோவில் ஒரு பெண், நீதிமன்றத் தடையாணையை மீறித் தம் கணவர் மூன்று மகள்களையும் தூக்கிச் சென்றுவிட்டதாகக் காவல்துறையிடம் இரவு முழுதும் திரும்பத் திரும்ப முறையிட்டார். பொறுத்துப் பார்க்கச் சொன்னார்கள். விடியுமுன் மூன்று குழந்தைகளும் கொல்லப்பட்டிருந்தார்கள். தடையாணையைக் காவல்துறை நிறைவேற்றியே தீர வேண்டும் என்று கோரும் அரசமைப்பு உரிமை அந்தத் தாய்க்கு இல்லை என்று 2005 இல் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. காவலர் வருவார் என்பதற்குச் சட்டமே உறுதி தராதபோது நான் ஏன் நிராயுதபாணியாக இருக்க வேண்டும் என்று ஓர் அமெரிக்கர் கேட்டால், அவர் இந்தத் தீர்ப்பைத்தான் சுட்டிக்காட்டுவார். அருகிலுள்ள காவல் நிலையம் பல மைல் தொலைவில் இருக்கும் சிற்றூர்க்காரர்களுக்கு இது வெறும் வாதமுமன்று.

துப்பாக்கி தூக்கியபோது நடந்தவை

அமெரிக்கர்கள் தம் அரசுக்கெதிராக உண்மையில் துப்பாக்கி தூக்கி வென்ற நிகழ்ச்சி உண்டா என்று கேட்டால், ஆதரவாளர்கள் டென்னசி மாநிலத்தின் ஏதென்ஸ் ஊரைச் சொல்வார்கள். 1946 ஆகஸ்டு 1 அன்று அங்கே உள்ளூர்த் தேர்தல். பல ஆண்டுகளாக அந்த வட்டாரத்தை ஆட்டிப்படைத்த அரசியல் கும்பலை எதிர்த்து, இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் போட்டியிட்டார்கள். வாக்குப்பதிவு முடியும் வேளையில் ஷெரிப் என்னும் வட்டாரக் காவல் தலைவரின் ஆட்கள் வாக்குப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்ச் சிறைக்குள் பூட்டிக்கொண்டார்கள். வீரர்கள் படைக்கலக் கொட்டிலிலிருந்து துப்பாக்கிகளை எடுத்துவந்து சிறையைச் சூழ்ந்தார்கள், இரவெல்லாம் சுட்டார்கள், கடைசியில் டைனமைட் வீசியதும் உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தார்கள். வாக்குகளை எண்ணியபோது வீரர்களின் வேட்பாளர் வென்றிருந்தார். உயிரிழப்பு இல்லை. கதை அருமையானதுதான். ஆனால் அவர்கள் பெரும்பாலும் சுட்டது அரசின் கொட்டிலிலிருந்து எடுத்த துப்பாக்கிகளால் என்பதும், எதிரில் இருந்தது ஒரு வட்டாரக் கும்பல் மட்டுமே என்பதும், தேசியப் படை வந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்பதும் சேர்த்தே சொல்லப்பட வேண்டும். 1921 இல் மேற்கு வர்ஜீனியாவின் பிளேர் மலையில் அதுதான் நடந்தது. சுரங்க முதலாளிகளுக்குத் துணைநின்ற ஷெரிப்பின் ஆட்களோடு நாள்கணக்கில் சண்டையிட்ட ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், மத்தியப் படை வந்து இறங்கியதும் அதன் மீது சுடாமல் கலைந்துபோனார்கள். பிறகு துரோக வழக்குகளைச் சந்தித்தார்கள்.

இன்றைய அவநம்பிக்கைக்கு உருக்கொடுத்தவை 1990களின் நிகழ்ச்சிகளே. ஐடஹோவின் ரூபி ரிட்ஜ் மலைப்பகுதியில் குடும்பத்தோடு ஒதுங்கி வாழ்ந்த ராண்டி வீவர், வெள்ளையர் தனித்து வாழ வேண்டும் என்ற கருத்துடையவர். குழல் வெட்டிக் குறுக்கிய துப்பாக்கிகள் இரண்டை அரசின் உளவாளி ஒருவரிடம் விற்றார் என்பது அவர் மீதான வழக்கு. நீதிமன்றத்துக்கு வர வேண்டிய நாளை மார்ச் 20 என்று ஓர் அதிகாரியின் கடிதம் தவறாகக் குறிப்பிட்டது. உண்மையான நாள் பிப்ரவரி 20. அவர் வரவில்லை, பிடியாணை பிறந்தது. 1992 ஆகஸ்டில் தொடங்கிய முற்றுகை முடிவதற்குள் ஒரு மத்திய அதிகாரியும், வீவரின் 14 வயது மகனும், கையில் குழந்தையோடு கதவருகே நின்ற அவர் மனைவியும் சுடப்பட்டு இறந்தார்கள். பெரிய குற்றச்சாட்டுகளிலிருந்து வீவர் விடுதலையானார். 1995 இல் அரசு அந்தக் குடும்பத்துக்கு 31 இலட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

அடுத்தது டெக்சாஸின் வேக்கோ. சட்டவிரோத ஆயுதங்கள் இருப்பதாக ஐயுற்று 1993 பிப்ரவரியில் ஒரு மதக் குழுவின் குடியிருப்பை மத்திய அதிகாரிகள் சோதனையிடச் சென்றபோது நடந்த சண்டையில் அதிகாரிகள் நால்வரும் குழுவினர் அறுவரும் இறந்தனர். 51 நாள் முற்றுகைக்குப் பின், ஏப்ரல் 19 அன்று, கட்டடம் தீப்பற்றிக் குழந்தைகள் உட்பட 76 பேர் மாண்டார்கள். தீ எப்படிப் பிடித்தது என்பதில் அரசு விசாரணைகளின் முடிவை நம்பாதவர்கள் இன்றும் உண்டு. முற்றுகையைப் பார்க்க வந்த கூட்டத்தில் வண்டியில் ஒட்டும் துப்பாக்கி ஆதரவு வாசகங்களை விற்றுக்கொண்டிருந்தார் டிமோதி மெக்வே என்னும் முன்னாள் படைவீரர். சரியாக இரண்டாண்டு கழித்து, அதே ஏப்ரல் 19 அன்று, ஓக்லஹோமா நகரின் மத்திய அரசு அலுவலகக் கட்டடத்தை அவர் குண்டு வைத்துத் தகர்த்தார். இறந்தவர் 168 பேர். அவர்களில் 19 பேர் குழந்தைகள். அவநம்பிக்கைக்கு ரூபி ரிட்ஜில் நியாயம் இருந்தது. ஓக்லஹோமாவில் அதற்குக் கடுகளவும் நியாயம் இல்லை.

நீதிமன்றம் சொன்னதும் சொல்லாததும்

2008 இல் தலைநகர் வாஷிங்டனின் கைத்துப்பாக்கித் தடையை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், ஆயுதம் வைத்திருப்பது குடிப்படையோடு தொடர்பில்லாத தனிமனித உரிமையுமாகும் என்று 5க்கு 4 என்ற கணக்கில் முதன்முறையாகத் தெளிவாகச் சொன்னது. தீர்ப்பெழுதிய நீதிபதி ஸ்கேலியா உரிமையின் மையத்தில் வைத்தது வீட்டுத் தற்காப்பை. இன்றைய விமானங்களுக்கும் டாங்கிகளுக்கும் முன்னே சிறு ஆயுதங்கள் பயன்படாமல் போகலாம் என்பதை அவரே ஒப்புக்கொண்டு, அதனால் உரிமையின் பொருள் மாறாது என்று மட்டும் எழுதினார். குற்றவாளிகள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டங்கள் போன்றவை செல்லும் என்றும் சேர்த்தார். 2010 இல் அந்த உரிமை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்றாயிற்று. 2022 இல் வீட்டுக்கு வெளியேயும் நீண்டது. 2024 இல், குடும்ப வன்முறைத் தடையாணைக்கு உள்ளானவரிடமிருந்து துப்பாக்கியை விலக்கி வைக்கலாம் என்று 8க்கு 1 என்ற கணக்கில் வரம்பும் கட்டப்பட்டது.

மேடிசனின் கணக்கு இன்று பொருந்தாது. அவர் ஒப்பிட்ட இரு தரப்பும் ஒரே வகை மஸ்கட்டை ஏந்தியவை. ஆயினும், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு துப்பாக்கி இருக்கக்கூடும் என்ற எண்ணமே அதிகாரியை வாசலில் தயங்க வைக்கும், படையை வெல்வது நோக்கமே அன்று என்று ஆதரவாளர்கள் கூறுவதில் ஓரளவு உண்மை உண்டு. அந்தத் தயக்கத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு: எந்த வண்டியிலும் துப்பாக்கி இருக்கலாம் என்று அஞ்சும் காவலர் முந்திக்கொண்டு சுடுகிறார். இதற்கிடையில் துப்பாக்கிகள் பெரும்பாலும் திரும்புவது அரசை நோக்கியன்று. 2021 இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள்.

இந்த வாதத்தில் அமெரிக்கத் துப்பாக்கி ஆதரவாளர்கள் காந்தியையும் இழுப்பது நமக்கு வியப்பாக இருக்கலாம். இந்தியர்கள் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்து ஐரோப்பியருக்கு விலக்களித்த 1878 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தை, பிரிட்டிஷ் ஆட்சியின் தீச்செயல்களுள் மிகக் கரியது என்று காந்தி எழுதியது உண்மை. ஆனால் அது 1918 இல் பிரிட்டிஷ் படைக்கு ஆள் சேர்க்க அவர் வெளியிட்ட துண்டறிக்கையில் வரும் வரி. படையில் சேர்ந்து ஆயுதப் பயிற்சி பெறுங்கள் என்பது அதன் சாரம். 1931 இல் கராச்சிக் காங்கிரஸ் தீர்மானம் ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்ட ஆயுத உரிமையைப் பட்டியலிட்டது; 1948 டிசம்பரில் அரசமைப்பு அவையில் எச். வி. காமத் அதை அடிப்படை உரிமையாக்கத் திருத்தம் கொண்டுவந்தார், அவை ஏற்கவில்லை. நம் சட்டத்தின் 19 ஆம் பிரிவு, அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையைத்தான் தருகிறது. தேர்தல் அறிவிப்பு வந்தால், உரிமம் பெற்ற துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவது நம் ஊர் வழக்கம். வாக்களிக்கும் வேளையில்தான் துப்பாக்கி கையில் இருக்க வேண்டும் என்று ஏதென்ஸ் ஊர்க் கதையைச் சொல்பவருக்கு இதை விளங்கவைப்பது கடினம்.

அமெரிக்காவிலோ இந்த அவநம்பிக்கை இப்போது குடிமகனுக்கும் அரசுக்கும் இடையில் மட்டுமன்றி ஓர் அரசுக்கும் மற்றோர் அரசுக்கும் இடையிலும் நடக்கிறது. 2019 இன் இறுதியில் வர்ஜீனியாவில் புதிய கட்டுப்பாடுகள் வரவிருந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட வட்டாரங்களும் நகரங்களும் அவற்றுக்கு ஒத்துழைக்க மாட்டோம் என்னும் பொருளில் தீர்மானம் போட்டன. இதற்கு முன்னோடி 1993 ஆம் ஆண்டுச் சட்டம். கைத்துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை உள்ளூர்த் தலைமைக் காவல் அதிகாரியே ஆராய வேண்டும் என்று அது சொன்னபோது, மொண்டானாவிலும் அரிசோனாவிலும் இரண்டு ஷெரிப்புகள் மத்திய அரசின் வேலையைச் செய்ய எங்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்று வழக்குத் தொடுத்து, 1997 இல் உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 4 என்று வென்றார்கள். அந்தச் சட்டத்திலேயே திட்டமிட்டிருந்தபடி 1998 நவம்பர் 30 முதல் பின்னணியை ஆராயும் வேலையை மத்தியப் புலனாய்வுத் துறை தன் கணினிகளைக் கொண்டு மேற்கொண்டது. அனுமதி பெற்றவர்களின் விவரங்களைத் தணிக்கைக்காகச் சில மாதங்கள் வைத்திருக்கலாம் என்று தொடக்கத்தில் இருந்த விதி, அதுவும் ஒருவகைப் பதிவேடே என்ற எதிர்ப்புக்குப் பின், 2004 முதல் 24 மணி நேரமாகச் சுருங்கிவிட்டது.